எத்தனை இராமசாமிகள்?

யூல், பேர்ணல் என்னும் இருவர் தொகுத்து 1886 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹொப்ஸன் ஜொப்ஸன்' என்ற சொல்லகராதியிலே 'இராமசாமி' என்பதற்குத் தனியே ஒரு பதிவு உண்டு. இந்தியாவிலே வாழ்ந்த பிரிட்டிஷார் தம்முள் வழங்கிய சொற்களுக்குப் பொருள் கூறும் அந்நூல், இப்பெயருக்கு இரு பொருள் தருகின்றது. தென்னாட்டு இந்துக்களை, சிறப்பாக இலங்கை முதலிய இடங்களுக்குச் சென்ற கூலிகளை, ஆள்வேறுபாடின்றிச் சுட்டும் சொல் என்பது ஒன்று. சுருட்டுப் பற்றவைப்பதற்காகக் குழாயொன்றினுள் வைக்கப்படும் முறுக்கிய பருத்தித் திரி என்பது மற்றொன்று. ஒரு மனிதனுடைய பெயர் அவன் வர்க்கம் முழுவதற்கும் பெயராயிற்று. துரையின் மேசைமீது கிடந்த ஒரு கருவிக்கும் பெயராயிற்று. அகராதி ஆசிரியர்கள் இதனைக் கேலியாக எழுதவில்லை. வழக்கிலிருந்ததையே பதிந்தனர். அதனாலேயே அப்பதிவு நமக்கு ஒரு சாட்சியமாகின்றது.

பெயரால் ஒருவரைப் பழைய ஆவணங்களிலே தேடிக் கண்டறிதல் இன்று பலருக்கும் விருப்பமான முயற்சியாகியிருக்கின்றது. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் சென்ற கப்பல்களின் பெயர்ப்பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. பாட்டனாரின் பெயரை எழுதித் தேடுவதும், வந்து விழும் இருநூறு இராமசாமிகளுள் ஒருவரைத் தம்மவர் என்று கொண்டாடுவதும் எளிதாகிவிட்டது. இவ்வார்வத்தை ஏளனஞ் செய்வது என் நோக்கமன்று. வரலாற்றிலே இடமில்லாதவர் என்று தள்ளப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் வரலாற்றின் கதவைத் தட்டுவது நல்லதே. ஆயினும், 'இருநூறு பேருள் இவர்தாம் அவர்' என்று எவ்வாறு அறிந்தீர்கள் என வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. விருப்பமே சான்றாகிவிடுகின்றது.

தமிழிலக்கிய மாணவருக்கு இச்சிக்கல் புதிதன்று. அதியமான் நெடுமானஞ்சியின் அவைக்களத்திலிருந்த ஔவையாரும், ஆத்திசூடி பாடிய ஔவையாரும் ஒருவரே என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. நெல்லிக்கனி உண்டு நெடுங்காலம் வாழ்ந்தார் என்ற கதை அந்நம்பிக்கைக்கு முட்டுக் கொடுத்தது. பின்னர் மொழிநடை, யாப்பு, புரவலர் பெயர், சமயக் கருத்து ஆகியவற்றை வைத்து ஆராய்ந்தோர் அப்பெயருக்குள் வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் இருத்தலை எடுத்துக் காட்டினர். நக்கீரர் நிலையும் அதுவே. நெடுநல்வாடையும் திருமுருகாற்றுப்படையும் ஒருவர் பாடியனவா என்பதுபற்றி எத்தனை கட்டுரைகள்! கபிலருக்கும் பதினோராந் திருமுறையிலுள்ள கபிலதேவ நாயனாருக்கும் இடையே கோடு கிழிப்பதற்கு எத்துணை உழைப்பு!

ஒத்த பெயருடையோரைப் பிரித்தறியும் தேவையைச் சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்களே உணர்ந்திருந்தனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும்போது ஊரும் தந்தையும் சேர்கின்றன. கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும்போது தொழிலும் ஊரும் சேர்கின்றன. மருத்துவன் தாமோதரனார், அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பன தொழிலாற் பிரித்தவை. இயற்பெயர் தெரியாதவரைக்கூட அவர்கள் விட்டுவிடவில்லை. அவர் பாடிய பாட்டிலுள்ள ஓர் அருந்தொடரையே பெயராக்கிச் 'செம்புலப் பெயனீரார்' என்று வழங்கினர். பெயர் தனியே நின்று ஆளைக் காட்டாது. ஊர், தந்தை, தொழில் என்னும் உறவுகளோடு சேர்ந்தே காட்டும் என்ற உண்மை அவர்களுக்குத் தெளிவாயிருந்தது. நவீன ஆவணக்காப்பக முறையின் சாரமும் இதற்கு மேல் அதிகமில்லை.

நம் வினா இதுதான். புலவருக்குச் செய்த இவ்வாராய்ச்சியைத் தொழிலாளருக்கு ஏன் செய்யவில்லை? மூன்று நக்கீரரைப் பிரிப்பதற்குப் பல்கலைக்கழகங்கள் உண்டு. முந்நூறு இராமசாமிகளைப் பிரிப்பது ஆராய்ச்சி என்றே கருதப்படவில்லை. சான்று இல்லை என்பது வழக்கமான விடை. அது பாதியே உண்மை.

நேட்டாலை எடுத்துக்கொள்வோம். 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் திகதி 'துரூரோ' என்னுங் கப்பல் சென்னையிலிருந்து டேர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை 152,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்தினூடு சென்ற தமிழரும் தெலுங்கரும் அவர்களுட் பெரும்பகுதியினர். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன எழுதப்பட்டன. உடலிலுள்ள தழும்பும் மச்சமும் பச்சைகுத்தலுங்கூடக் குறிக்கப்பட்டன. மொரீசியசிலே ஒருபடி மேலே சென்று, 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், ஒப்பந்தம் முடிந்தோர் தம் நிழற்படம் ஒட்டிய சீட்டொன்றை எப்போதும் கையில் வைத்திருத்தல் வேண்டுமென விதித்தனர். அப்படங்கள் பல இன்று மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் உள்ளன. இவை மனிதாபிமானத்தால் எழுந்த பதிவுகள் அல்ல. ஓடிப்போனவனைப் பிடிப்பதற்கும், ஒருவன் ஒப்பந்தத்தில் இன்னொருவன் தப்பாதிருப்பதற்கும் எழுந்தவை. முதலாளிக்கு வேண்டியது ஆளின் உழைப்பு. அவ்வுழைப்புக் கைநழுவாதிருக்க ஆளின் தழும்பை அறிய வேண்டியிருந்தது. அடக்குமுறையின் கணக்கேடு, அடக்கப்பட்டவனின் ஒரே வாழ்க்கைக் குறிப்பாக எஞ்சியிருக்கின்றது.

இத்தகைய ஏட்டை எதிர்த்திசையில் வாசிக்கலாம் என்பதற்கு ஜோர்ஜ் ரூடே தக்க சான்று. பொதுவுடைமைக் கட்சியினராயிருந்த அவர், லண்டனிலே பள்ளிக்கூட ஆசிரியராய் வேலை பார்த்துக்கொண்டே, பிரெஞ்சுப் புரட்சியின் பாரிஸ் பொலிஸ் ஆவணங்களைத் துருவினார். 'காலிக் கூட்டம்' என்று வரலாற்றாசிரியர் பலர் ஒதுக்கிய மக்களை, தச்சர், பூட்டுச் செய்வோர், சிறு கடைக்காரர் என்று பெயரும் தொழிலும் தெருவும் உடையோராக 1959 இல் வெளியான தம் நூலிலே நிறுத்தினார். பஸ்தீலைக் கைப்பற்றியோர் பட்டியல் ஒன்றிலிருந்த அறுநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள், அவர் கைக்கு வந்தபின் வெறும் பெயர்களாயிருக்கவில்லை. 1979 இல் கார்லோ கின்ஸ்பேர்க், கார்லோ போனி என்னும் இத்தாலியர் இருவர், ஆவணக்காட்டினூடு வழிகாட்டும் நூலிழை மனிதரின் பெயரே என்று எழுதினர்.

அவ்வறிவுரையை நாம் அப்படியே ஏற்க முடியாது. குடும்பப்பெயர் உள்ள நாட்டிலே பெயர் நூலிழையாகலாம். நம்மிடம் அது முடிச்சாக இருக்கின்றது. தமிழருக்கு வழிவழி வரும் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும் முன்னெழுத்தாக நிற்கும். அதற்கு மேலே இன்னொரு வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவியது. ஆகவே முத்துசாமி மகன் இராமசாமி, அவன் மகன் முத்துசாமி, அவன் மகன் மறுபடியும் இராமசாமி. ஐம்பது ஆண்டு இடைவெளியில் 'முத்துசாமி மகன் இராமசாமி' என்ற ஒரே தொடர் இருமுறை தோன்றும். இருவரும் வேறு ஆட்கள். இருவரும் ஒரே குடும்பம். தந்தை பெயரும் ஊரும் ஒத்துவிட்டன என்று மகிழ்ந்த ஆராய்ச்சியாளன் பாட்டனையும் பேரனையும் ஒருவனாக்கி, எண்பது வயதிலே கொழுந்து நிறுக்கும் அதிசயக் கிழவன் ஒருவனைப் படைத்துவிடுவான். நெல்லிக்கனி உண்ட ஔவையின் கதை வேறெவ்வாறு பிறந்தது?

எதிர்ப்பிழையும் உண்டு. ஒரே மனிதன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் கையில் 'ராமசாமி'. ஆங்கிலத் துரையின் ஏட்டில் ஒரு எழுத்துக்கூட்டு. சிங்களப் பதிவாளரின் ஏட்டில் வேறொன்று. தமிழ் எழுத்திலே பகரம் இரண்டொலிக்கும் பொதுவாகையால் பாலுவும் பழனியும் ஆங்கிலத்திலே எந்த எழுத்தில் தொடங்குவர் என்பது எழுதுபவன் மனம் போனபடி. முன்னைய பிழை மூவரை ஒருவராக்குகின்றது. இது ஒருவரை மூவராக்குகின்றது. வயதை நம்பவும் இயலாது. பிறந்த ஆண்டை அறியாத மனிதனிடம் வயது கேட்டு, அவன் முகத்தைப் பார்த்து இருபத்தைந்து, முப்பது என்று முழுவெண்ணாக எழுதியவர்களே பலர். ஆதலால் இரண்டு பதிவுகள் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று கூறுமுன் பெயரல்லாத செய்திகள் பொருந்துதல் வேண்டும். மனைவியின் பெயர், தோட்டத்துப் பிரிவு, உடனிருந்த கங்காணி, சாட்சிக் கையொப்பம் இட்டவர் ஆகியன பொருந்துமா எனப் பார்க்கவேண்டும். அதனினும் முக்கியம், முரண்படுவதைத் தேடுதல். இறப்பேட்டிலே உள்ளவன் அடுத்த ஆண்டு மகனுக்குத் தந்தையாகப் பதியப்பட்டிருந்தால், அவர்கள் இருவர். பொருந்துவதைத் தேடுபவன் எப்போதும் கண்டடைவான். முரண்படுவதைத் தேடுபவனே ஆராய்கின்றான்.

இலங்கை மலையகத்தின் நிலை நேட்டாலினும் கடினமானது. இங்கு வந்தோர் பெரும்பாலும் ஒப்பந்தக் கப்பலின் பெயர்ப்பட்டியலோடு வரவில்லை. கங்காணியின் கூட்டமாக வந்தனர்; மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு ஏறினர். ஏட்டிலே இருந்தது தலைக்கணக்கு. கங்காணியின் பெயர் இருக்கும்; அவன் கீழ் இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை பிள்ளை என்றிருக்கும். 1921 இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய 'துண்டு' முறையிலே, தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கூடிய ஒரே பத்திரம் அவன் கடனைக் கூறும் சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தோரின் கழுத்திலே தொங்கிய தகரவில்லையில் பொறித்திருந்தவை தோட்டத்தைக் காட்டும் எழுத்தும் எண்ணுமே. தோட்டத்திலே 'பேர் பதிந்து' வேலை செய்தவனுக்கும் அந்தப் பேர் செக்ரோலில் நாட்கூலிக்காக எழுதப்பட்டதுதான். வேலைநீக்கப் பற்றுச்சீட்டுக் கிடைத்த நாளில் அது வெட்டப்பட்டது. டேர்பனிலுள்ள பேரன் பாட்டனின் ஊரைக் காப்பகத்தில் கண்டுபிடிக்கின்றான். ஹற்றனிலுள்ள பேரனுக்குத் தன் பாட்டனாரை எண்ணிய எண்ணிக்கை மட்டுமே கிடைக்கின்றது.

இது அறிவுலகப் புதிராக மட்டும் இருந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவன் இந்நாட்டிலே பிறந்தான் என்பதை மட்டும் போதாதாக்கியது. தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமையை நிறுவ வேண்டும் என்றது. தலைக்கணக்கில் வந்தவனின் மகன் எந்த ஏட்டைக் காட்டுவான்? முத்துசாமி என்ற பெயரில் ஒரு பிறப்புப் பத்திரம் கிடைத்தாலும் அம்முத்துசாமிதான் இவன் தந்தை என்பதை யார் ஒப்புக்கொள்வார்? 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பத்தின் மூலம் பிரசாவுரிமை தரலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. முதலிற் புறக்கணிப்பு, பின்னர் கடைசி மாதங்களில் அவசரம் என்றவாறு 1951 ஓகத்து வரை விண்ணப்பங்கள் குவிந்தன. அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சார்ந்தவை. பத்தாண்டுக்கு மேல் நீடித்த விசாரணையின் முடிவில் உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர். மற்றோரின் தலைவிதி 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்பாட்டிலே 5,25,000 அங்கு, 3,00,000 இங்கு, 1,50,000 பின்னர் என்று மறுபடியும் தலைக்கணக்காகவே பேசப்பட்டது. நாடற்ற நிலைக்குச் சட்டமுறையில் முடிவு கட்டிய சட்டம் 2003 இலேதான் வந்தது.

ஔவையார் இருவரா மூவரா என்ற வினாவில் தவறினால் ஒரு கட்டுரை திருத்தப்படும். இராமசாமி இருவரா ஒருவரா என்ற வினாவில் தவறினால் ஒரு குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறும். சான்றின் சுமை எப்போதும் யார்மீது ஏற்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரைப் பொதுவாக்கியது அகராதியும் ஆட்சியும். பெயர் பொதுவாயிருந்ததற்குத் தண்டனை பெற்றது பெயருடையவன்.

இதைச் சொல்லிவிட்டு வடக்கை மறந்தால் நாணயமற்ற செயலாகும். யாழ்ப்பாணத்திலே காணியுடையவனைத் தேடுவது ஒப்பீட்டளவில் எளிது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதுவித்த தோம்புகள் உண்டு. காணி உறுதிகள் உண்டு. அவற்றிலே காணியின் பெயர், நாற்புற எல்லை, முன்னைய உடைமையாளர், முதுசமா சீதனமா என்ற விபரம் அனைத்தும் உண்டு. அவன் பெயர் பொதுவாயிருந்தாலும் அவன் நிலம் பொதுவன்று. நிலமில்லாதவனுக்கு இவ்வழி அடைபட்டுள்ளது. அதுமட்டுமா? ஒடுக்கப்பட்ட சாதியினர் கந்தசாமி என்றோ வள்ளியம்மை என்றோ பிள்ளைக்குப் பெயரிட்டால் பொறுக்காத சமூகம் இது. கந்தன், வள்ளி, சின்னான் என்று குறுக்கப்பட்ட ஒருசில பெயர்களுக்குள் தலைமுறை தலைமுறையாக அவர்களை அடைத்துவைத்தது. ஏன் ஏட்டிலே இத்தனை கந்தன்கள் என்று வியப்பவர்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். பெயரின் வறுமை அவர்கள் கற்பனையின் வறுமையன்று. வெள்ளைத்துரை இராமசாமியைப் பொதுப்பெயராக்கியதற்கு வெகுண்டெழும் நாம், நம் வேலிக்குள்ளே செய்ததும் அதே வேலை. கப்பற் பட்டியலிலுள்ள சாதி நிரலை வைத்து ஆளைப் பிரிக்க முனைவோரும் எச்சரிக்கையாயிருப்பது நன்று. கடல் தாண்டியபோது பழைய இழிபெயரை அங்கேயே எறிந்துவிட்டுப் புதுப்பட்டத்தோடு இறங்கியவர்கள் உண்டு. ஆவணத்தை ஏமாற்றிய அவர்களை நான் குறைகூறமாட்டேன்.

புனைகதை இவ்விடத்திலே வரலாற்றுக்கு முன்சென்றிருக்கின்றது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யிலே வரும் மருதிக்கு ஊர் உண்டு, கணவன் உண்டு, ஊரைவிட்டுப் புறப்பட்டதற்குக் காரணமும் உண்டு. எந்தக் கங்காணியின் ஏடும் தராத மூன்றையும் ஓர் எழுத்தாளன் தந்தான். ஆயினும் அக்கதையின் வழிவந்த நம் எழுத்துக்கள் பலவற்றிலே இராமசாமியும் மீனாட்சியும் மீண்டும் வகைமாதிரிகளாகத் தேய்ந்துவிட்டனர். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. வர்க்கத்தின் பிரதிநிதியைப் படைக்கின்றோம் என்ற பெயரில் ஆளற்ற வர்க்கமொன்றைப் படைத்துவிட்டோம். இது சொல்லகராதி செய்த பிழையின் மறுபக்கம். நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் இயக்கங்களும் இதற்கு விலக்கல்ல. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்திலே பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனை மலையகத்தின் முதல் தியாகி என்று ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். மேடையில் அவர் பெயர் முழங்கும். அவர் தந்தை யார், எந்தப் பிரிவில் எந்த லயத்தில் இருந்தார், அவர் வீட்டில் எஞ்சியவர்கள் என்ன ஆனார்கள் என்று முழங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோவிந்தனும் பொதுப்பெயர்தான். அச்சூட்டுச் சம்பவம் விசாரணைக்குள்ளானது. விசாரணை என்றால் சாட்சியமும் ஏடும் உண்டு. படித்துப் பார்ப்போர் தாம் வேண்டும்.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்ல எல்லா ஆசிரியருக்கும் வசதி இல்லை என்பதை அறிவேன். அதற்கு முன்னரே செய்யக்கூடிய வேலையொன்று உண்டு. 1970 களில் அரசு பொறுப்பேற்ற பழைய தோட்டப் பாடசாலைகள் பலவற்றிலே மாணவர் சேர்வு இடாப்பு இன்னும் அலுமாரியின் அடித்தட்டிலே கிடக்கின்றது. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தோட்டம், பிரிவு, சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம் என நிரல்கள் இருக்கும். 'இந்தியா சென்றமை' என்ற காரணம் எந்தெந்த ஆண்டுகளில் அடுக்கடுக்காக வருகின்றது என்று மேல்வகுப்பு மாணவரை எண்ணச் சொல்லலாம். ஒரே பெயருள்ள மூன்று பிள்ளைகளை எவ்வாறு பிரிப்பது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வயது உதவுமா, பிரிவு உதவுமா, உடன்பிறந்தார் உதவுவரா? லயத்திலே இன்னும் வாழும் பாட்டிமார் சிலர் அவ்விடாப்பிலுள்ள பிழைகளைத் திருத்துவதற்கும் கூடும். ஏட்டைத் திறந்ததும், தாயின் பெயருக்கு ஒரு நிரல் விடப்பட்டிருக்கின்றதா என்பதை முதலிற் பாருங்கள்.